இரண்டாவது துளி

என் மேசை லாச்சியில், பேனைகளுக்கும் உறை போட்ட நாட்குறிப்புகளுக்கும் பக்கத்தில், தகரத்தாலான ஒரு பொட்டு டப்பி இருக்கிறது. மூடியில் ஒரு காலத்தில் தாமரை வரைந்திருந்தது. இப்போது ஓர் இதழும் தண்டும்தான் மிச்சம். உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல் சுண்டுவிரல் நகத்தின் அளவில் ஒரு சில்லு. யன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தால் அதில் ஊதாவும் பச்சையும் ஓடி மறையும். சில்லின் மேல் கண்ணாடி போல ஒளி புகுகிற மெல்லிய இறப்பர்த் துண்டொன்று ஒட்டப்பட்டிருக்கிறது. அதில் உளுந்து அளவில் இரண்டு கிண்ணங்கள் குடையப்பட்டிருக்கின்றன. ஒரு கிண்ணத்தின் அடியில் பழுப்பாக ஒரு கறை. மற்றது சுத்தமாக இருக்கிறது.

நான் எதையும் துடைத்து, கழுவி, அதனதன் இடத்தில் வைக்கிறவள். பாடசாலையில் என் அலுமாரியைத் திறந்து காட்டித்தான் புதிதாக வரும் ஆசிரியைகளுக்கு அலுமாரி எப்படி இருக்க வேண்டும் என்று அதிபர் சொல்வார். ஆனால் இந்தச் சில்லை மட்டும் நான் ஒருநாளும் துடைத்ததில்லை. இதைச் செய்தவள் என் அக்கா. அந்தக் கறை எங்கள் அம்மாவின் இரத்தம். அம்மா இறந்த அன்று விடியற்காலையில் எடுத்தது.

நாங்கள் ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். கத்தியைத் தீட்டுகிற கல்லைக்கூட யாரையும் தொட விடமாட்டார். தொண்ணூறுகளின் நடுவில், அக்கா உயர்தரம் படித்துக்கொண்டிருந்தபோது, மழை விட்ட ஒரு பின்னேரம் அப்பா மலையிலிருந்து இறங்கி வந்து இஸ்தோப்பில் உட்கார்ந்தார். தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீட்டின் முன்னால் உள்ள அந்தக் கையகல முகப்பைத்தான் நாங்கள் இஸ்தோப்பு என்போம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வாயு ஏறிக்கிச்சு" என்றார். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் சோடா வாங்கி வந்தார்கள். அம்மா இஞ்சி தட்டினார். அப்பா ஏப்பம் விடும்போதெல்லாம் எல்லோருக்கும் நிம்மதியாக இருந்தது. தோட்டத்து மருந்துச்சாலையில் அப்போது இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர். டிஸ்பென்சர் ஐயா என்றுதான் சொல்வோம். அவர் வந்து குழலை வைத்துப் பார்த்துவிட்டு லொறியைக் கூப்பிடச் சொன்னார். கொழுந்து ஏற்றுகிற லொறியில், ஈரச்சாக்குகளின் மேல், அப்பா பாதி வழியில் அடங்கிப்போனார்.

அது இதயமா வாயுவா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்கா மருந்துச்சாலைக்குப் போய் அதைக் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். டிஸ்பென்சர் ஐயா மேசையில் கிடந்த குழலைக் காட்டினார்.

"நெஞ்சோ வாயுவோ எண்டு பார்க்க என்னட்டை இது மட்டும்தான் கிடக்குது பிள்ளை. ரத்தத்தைப் பார்த்தால் தெரியும். அதுக்கு இங்கையிருந்து எங்கை போறது? மறுமொழி வர எத்தினை நாள் செல்லும்?"

அக்கா வெளியே வந்தாள். திரும்பி வரும்போது தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் நின்று, "ரத்தத்தைப் பாத்தா தெரியுமாம்டி" என்றாள், எனக்கு அது கேட்கவில்லை என்று நினைத்தவள் போல.

பேராதனைக்குப் போய்ப் பௌதிகம் படித்தாள். பிறகு புலமைப்பரிசில் கிடைத்து வட ஐரோப்பாவில் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். அங்கிருந்து வந்த கடிதங்களில் குளிரைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும். நம்ம ஊர்ப் பனிதான், கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறது என்று. மற்றதெல்லாம் வெளிச்சத்தைப் பற்றியது. மயிரைவிட மெல்லிய பாதையொன்றைச் சில்லுக்குள் போட்டால் வெளிச்சம் தண்ணீரைப் போல அதற்குள்ளேயே ஓடும். பாதையை வளைத்து வளையமாக்கினால் சுற்றிச் சுற்றி ஓடும். வளையத்தின் மேல் ஏதாவது வந்து ஒட்டினால் ஓட்டத்தில் ஒரு சின்ன மாற்றம் தெரியும். இதயத் தசை காயப்படும்போது அதிலிருந்து ஒரு புரதம் இரத்தத்துக்குள் கசியும். அந்தப் புரதத்தை மட்டும் பிடித்து வைக்கிற பசை போன்ற ஒன்றை வளையத்தின் மேல் பூசிவிட வேண்டும். அவ்வளவுதான், என்று எழுதுவாள். அந்த 'அவ்வளவுதான்' அவளுக்கு ஏழெட்டு வருடம் எடுத்தது. நான் அந்தக் கடிதங்களை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, "சாப்பிடுறாளான்னு எழுதியிருக்காளா?" என்பார்.

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் பிற்பகுதியில், ஒரு பங்குனி மாதம், அக்கா அந்தக் கருவியோடு வீட்டுக்கு வந்தாள். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி, ஒரு மடிக்கணினி, சில்லுகள் அடுக்கிய சிறிய பெட்டியொன்று. அடுத்த வாரம் பேராதனையில் பழைய இரத்த மாதிரிகளை வைத்துப் பரீட்சித்துப் பார்ப்பதாக இருந்தது. ஆட்களிடம் சோதிக்கிற கட்டத்துக்கு அது இன்னும் வரவில்லை என்பதை வந்த அன்றே என்னிடமும் அம்மாவிடமும் திருத்தமாகச் சொன்னாள். மிகச் சிறிய அளவில் அந்தப் புரதம் இருந்தால் தன் சில்லுக்கு இன்னும் கண் தெரியாது என்றும் சொன்னாள். பயணத்தில் ஏதும் பழுதாகவில்லையே என்று பார்க்க முதலில் தன் விரலைக் குத்தினாள், பிறகு என்னுடையதை.

எங்கள் வீட்டில் அந்தப் பெட்டி இருந்த நாட்களைப் போல அம்மா சிரித்த நாட்கள் எனக்கு அதிகம் நினைவில்லை. முதல் நாள் காலை நான் எழுந்து வந்தபோது கருவியின் மேல் அம்மாவின் கம்பளி போர்த்தியிருந்தது. மழைக்கும் பனிக்கும் மலையில் போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்புக் கம்பளி. புகையும் தேயிலைக் கறையும் ஏறியது. அக்கா பதறிப்போய் அதை எடுத்தாள்.

"என்னம்மா இது?"

"யன்னல் சந்துல பனி வருதில்ல. பாவம், புதுசா வந்த சாமான்."

"சூடு ஏறினாலும் குளிர் ஏறினாலும் கோடு சாஞ்சு போயிரும்மா. ஒரே மாதிரி இருக்கணும் அதுக்கு."

"அப்ப உங்கப்பன் மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா. "அந்தாளுக்கும் டீத்தண்ணி ஒரே சூட்டுல இருக்கணும்."

கணினித் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக ஊர்ந்துகொண்டிருக்கும். கருவியைத் திறந்தவுடன் அது மேலும் கீழுமாக அலையும். சில்லின் சூடு நிலைக்கு வர வர மெல்ல மெல்ல நேராகும். அது முழுவதும் நேராகும்வரை அக்கா எதையும் தொடமாட்டாள். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அந்தக் கோட்டையே பார்த்திருப்பாள். நேரானதும் முகம் தெளியும். அதன் பிறகுதான் துளி. புரதம் வந்து வளையத்தில் ஒட்டினால் கோடு படியேறுவது போல மேலே போகும். ஒட்டாவிட்டால் நேராகவே போகும்.

அம்மாவுக்கு அதை விளங்கப்படுத்த அவள் பட்ட பாடு இன்னும் என் காதில் இருக்கிறது.

"வெளிச்சம் இந்த வளையத்தைச் சுத்திச் சுத்தி ஓடிக்கிட்டே இருக்கும்."

"மலையச் சுத்தி வர்ற கங்காணி மாதிரியா?"

"ஆமா, வச்சுக்கங்களேன். ஏதாவது வந்து ஒட்டுச்சுன்னா அந்த ஓட்டம் கொஞ்சம் பிசகும். அதைத்தான் நான் கோடாப் பாக்குறேன்."

"கங்காணி தண்ணி போட்டுட்டு வந்தா நடையிலயே தெரியுமில்ல, அதைச் சொல்றியா?"

அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆமாம்மா, அதேதான்" என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கருவிக்குக் கங்காணி என்றே பெயர்.

இனி அந்த நாளைச் சொல்ல வேண்டும். அதற்கு முன், கூடைக் கயிற்றைப் பற்றிச் சொல்லாவிட்டால் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளங்காது. கொழுந்துக் கூடை முதுகில் தொங்கினாலும் அதன் பாரத்தைத் தலைதான் தாங்கும். கயிறு உச்சந்தலையில் விழுந்து இரண்டு பக்கமும் இறங்கும். மழை நாளில் ஈரக் கொழுந்து நிறைந்த கூடையைச் சுமந்தால் கழுத்தும் தாடையும் தோளும் கையும் பின்னிப் பிடித்ததுபோல வலிக்கும். அதற்குப் பெயர் கயிறு இழுக்குது. எங்கள் லயத்தில் அப்படி வலிக்காத பெண் கிடையாது. அதற்காக மருந்துச்சாலைக்குப் போனவளும் கிடையாது. சாயந்தரம் தைலம் தேய்ப்பார்கள். காலையில் மறுபடி கயிற்றை மாட்டிக்கொள்வார்கள். அம்மாவின் கழுத்தில் தைலம் தேய்த்துத்தான் நானும் அக்காவும் வளர்ந்தோம். அந்த வாசனைக்குள் உட்கார்ந்துதான் அவள் பெருக்கல் வாய்பாடு படித்தாள்.

அன்று பெரட்டுக்குப் போகிற நேரத்துக்கு முன்பே அம்மா தயாராகிவிட்டார். காலையில் எல்லோரும் கூடிப் பெயர் கொடுத்து, யாருக்கு எந்த மலை என்று பிரித்துக்கொள்வதுதான் பெரட்டு. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டியாயிற்று, தலைத்துணி போட்டாயிற்று. ஆனால் போகவில்லை. அக்கா கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார்.

"உன் ரத்தத்தைப் பாத்த, சின்னவ ரத்தத்தைப் பாத்த. என்னைய மட்டும் உன் கங்காணிக்குக் காட்ட மாட்டியா?"

"உங்களுக்கு என்னம்மா, கல்லு மாதிரி இருக்கீங்க."

"கல்லுலயும் ரத்தம் வருதான்னு பாரேன்."

"வலிக்குதா?" என்று அக்கா திரும்பிப் பார்த்துக் கேட்டாள். இதை நான் உறுதியாகச் சொல்லமுடியும். அவள் கேட்டாள்.

"கயிறு இழுக்குது. நேத்து கொழுந்து ஈரம்." அம்மா தாடையைத் தடவி இடது கையை உதறினார்.

வேறு எந்த ஊரில் பிறந்தவளாக இருந்தாலும், இதயத்தைப் பற்றி அத்தனை வருடம் படித்த ஒருத்தி, தாடையிலும் இடது கையிலும் வலி என்று கேட்டவுடன் எழுந்து நின்றிருப்பாள். அக்கா எங்கள் லயத்தில் பிறந்தவள். கயிறு இழுக்குது என்ற சொல் அவளுக்கு மழை பெய்கிறது என்பதைப் போன்றது. அதற்குள் ஒளிந்திருக்கும் வேறொன்றைக் கேட்க அவள் காது ஒருநாளும் பழகவில்லை. எனக்கும் பழகவில்லை.

அம்மாவின் விரலைத் துடைத்துவிட்டுக் குத்தினாள். அந்த விரல்நுனி கொழுந்துக் காம்பு பட்டுப் பட்டுத் தடித்துக் கறுத்திருந்தது. இரண்டாம் தடவை குத்தித்தான் இரத்தம் வந்தது. "பாத்தியா, கல்லுதான்" என்றார் அம்மா. துளி வடிதாளில் இறங்கி, தெளிந்து, முதல் கிண்ணத்துக்குள் போனது. மூவரும் திரையைப் பார்த்தோம். கோடு வந்தது; போனது; நேராகவே போனது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஏறவில்லை.

"ஒன்னும் இல்லையா?" அம்மா கேட்டார்.

"இப்ப ஒன்னும் தெரியலம்மா. ஆனா இது இப்பத்தைய கதைதான். நெஞ்சுக்கு ஏதாச்சும்னா உடனே ரத்தத்துக்கு வந்து சேராது, சில மணித்தியாலம் ஆகும். முறைப்படின்னா பொறவு இன்னொரு சொட்டு எடுத்துப் பாக்கணும். ரெண்டையும் வச்சுத்தான் சொல்லலாம்."

"அதுக்குத்தான் ரெண்டு கிண்ணம் வச்சிருக்கியா?"

"அதுக்குத்தான்."

"சரி, பகல் நிறுவைக்கு எறங்குறப்ப வந்து குடுக்கிறேன். கழுவிக் கிழுவி வச்சிறாத."

கொழுந்து நிறுக்கிற அந்தப் பகல் நிறுவை நேரத்தை அக்கா மனதுக்குள் கணக்கிட்டதை நான் பார்த்தேன். இடைவெளி சரியாக இருந்தது. பாடப்புத்தகத்தில் உள்ளதைப் போலச் சரி. "நல்லதும்மா, அப்ப வாங்க" என்றாள். அம்மா விரலை வாயில் வைத்துக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, படியிறங்கிப் போனார். அக்கா முதல் கிண்ணத்தைக் கழுவாமல், இரண்டாவது கிண்ணத்தின் மேல் தூசி விழாமல் சிறு கண்ணாடியை மூடி வைத்தாள். நான் பாடசாலைக்குப் போனேன்.

அதன் பிறகு நடந்தது எனக்குப் பக்கத்து நிரை அத்தை சொன்னது. நிரை என்பது ஒவ்வொருத்திக்கும் கொடுக்கிற தேயிலை வரிசை. அம்மாவுக்குப் பக்கத்து வரிசை எப்போதும் அந்த அத்தைக்குத்தான். அன்று பெரட்டில் அம்மா எல்லோருக்கும் விரலைக் காட்டினாராம். "என் மவ கண்ணாடிக்குள்ள வெளிச்சம் விட்டு என் நெஞ்சைப் பாத்துட்டா. கோடு ஆடவே இல்லை. ரோட்டு மாதிரி நேரா இருக்கு" என்று சொன்னாராம். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாகூட நின்று கேட்டாராம். ஒரு பெண், "அப்ப இனி நாங்க எல்லாம் உங்க வீட்டுக்குத்தான் மருந்துக்கு வரணும்" என்று சொல்ல, "வரிசையில வாங்கடி, நம்பர் குடுப்பேன்" என்றாராம் அம்மா. அன்று கொடுத்த மலை செங்குத்தானது. மற்ற நாளில் இடையிடையே நின்று இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்குகிறவர், அன்று நிற்காமல் ஏறினாராம். கதை பேசிக்கொண்டே ஏறினாராம். கூடை பாதி நிறைந்திருந்தபோது, பறித்த கொழுந்து கையில் இருக்க, தேயிலை வாதுக்குள் முகம் குப்புற விழுந்தார். அத்தை கயிற்றை அறுத்துத்தான் கூடையைக் கழற்றினாராம்.

பகல் நிறுவைக்கு எல்லோரும் இறங்கினார்கள். அம்மாவையும் இறக்கிக்கொண்டு வந்தார்கள், கம்பளியில் வைத்து, நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து.

அக்கா ஊசியையும் வடிதாளையும் எடுத்து மேசையில் ஒழுங்காக வைத்திருந்தாள். கோடு நேராக ஓடிக்கொண்டிருந்தது.

செத்த வீட்டில் அவள் அழவில்லை. ஆட்கள் அதைக் கவனித்தார்கள். ஆனால் யாரும் தப்பாகப் பேசவில்லை. அவர்கள் அவளை அவ்வளவு மதித்தார்கள். அந்த மதிப்புத்தான் அவளை உள்ளுக்குள் கொன்றது என்று எனக்குப் பல நாள் தோன்றியிருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி சந்தேகமோ குத்தலோ இல்லாமல், விளங்காத ஒன்றைப் பெரியவர்களிடம் கேட்பதைப் போல அதையே கேட்டார்கள்.

"மெஷினு ஒன்னும் இல்லைன்னுதானே பாப்பா சொன்னுச்சு?" என்று கேட்டார் பக்கத்து நிரை அத்தை.

"ஆமா அத்தை. சொன்னுச்சு."

"அப்ப இது எப்பிடி பாப்பா?"

நான் வாயைத் திறந்தேன். கருவி பொய் சொல்லவில்லை, அது அந்த நேரத்து உண்மையைத்தான் சொன்னது, இரண்டாவது துளிதான் பேசியிருக்கும் என்று சொல்ல எனக்குச் சொற்கள் இருந்தன. நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள். அக்கா என் கையை அழுத்தினாள். "தெரியல அத்தை" என்றாள். அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் மிக நன்றாகத் தெரிந்தது அந்தக் கேள்விக்கு விடைதான்.

ஓய்வுபெற்று ராகலையில் இருந்த டிஸ்பென்சர் ஐயா கேள்விப்பட்டு வந்தார். அப்பாவின் சாவுக்குப் பிறகு எங்கள் லயத்துக்கு அவர் வந்தது அன்றுதான். அக்காவைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் நின்று பேசினார். நான் குடத்தோடு அங்கே நின்றேன்.

"பிள்ளை, உன்ரை மிஷின் பிழைக்கேல்லை. நீ பார்க்காட்டிலும் கொம்மா அண்டைக்கு மலைக்குப் போயிருப்பா. அவவை ஆரும் மறிச்சிருக்கேலாது."

"தெரியும் ஐயா" என்றாள் அக்கா. "போயிருப்பாங்க. ஆனா பயந்துகிட்டே போயிருப்பாங்க. பயந்தவங்க மெதுவா ஏறுவாங்க. நடுவுல உக்காருவாங்க. எறங்கிக்கூட வந்திருப்பாங்க. நான்தான் அந்தப் பயத்தை எடுத்துட்டேன்."

நான் நிறைந்து வழிந்த குடத்தை எடுக்க மறந்து நின்றேன். வலி இருந்ததால்தான் அம்மா அன்று காலை அந்தக் கதிரைக்குப் பின்னால் வந்து நின்றார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. கருவியின் மேல் உள்ள ஆசையால் அல்ல. மருந்துச்சாலைக்குப் போகாத பெண், யாரிடமும் எதுவும் கேட்காத பெண், தன் மகளிடம் விளையாட்டாக வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். அக்காவுக்கு அது எனக்கு முன்பே விளங்கியிருக்க வேண்டும்.

பேராதனைக்கு அவள் போகவில்லை. கருவியை அதன் பெட்டிக்குள் வைத்தாள். இந்தச் சில்லை மட்டும் எடுத்து, கழுவாமல், அம்மாவின் பொட்டு டப்பிக்குள் வைத்து என்னிடம் தந்தாள். அப்பா போன பிறகு அம்மா அந்த டப்பியில் ஊக்குகளும் ஊசியும் போட்டு வைத்திருந்தார். ஊக்குகளை ஒரு தாளில் கொட்டி மடித்து என் கையில் வைத்துவிட்டு, "என்னால இதைக் கொண்டுபோக முடியாது. தூக்கி எறியவும் முடியாது" என்றாள். நான் அன்றைய நாட்குறிப்பில் மழை, அக்கா புறப்பட்டாள் என்று மட்டும் எழுதினேன்.

ஒரு வருடம் கழித்து அவள் வேலையை மாற்றினாள். அதுவும் வெளிச்சமும் சில்லும்தான். ஆனால் அந்தச் சில்லுகள் கணினிகளுக்கிடையே செய்தி கொண்டுபோகிறவை. யாருடைய உடம்போடும் அவற்றுக்குத் தொடர்பில்லை. ஏன் மாற்றினாய் என்று தொலைபேசியில் கேட்டேன். "இதுல பிழை வந்தா திரும்ப ஒருக்கா அனுப்பலாம்" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் பேச்சில் அம்மா வருவார். அவருடைய சிரிப்பு வரும். கருவாட்டுக் குழம்பு வரும். அந்த நாள் வராது. சில்லு பத்திரமாக இருக்கிறதா என்று அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

இந்த வருடம் தவணைப் பரீட்சை முடிந்து விடைத்தாள் கட்டுகளைத் தோள்பையில் சுமந்து வந்த ஒரு காலை, என் இடது கையும் கழுத்தும் இழுத்துப் பிடித்தன. பை வார் இழுக்கிறது என்று நானே சொன்னேன். சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை முச்சக்கர வண்டி பிடித்து என்னை நுவரெலியாவில் ஒரு மருத்துவ நிலையத்துக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே இருந்த தாதி சின்னப் பெண். பேச்சிலேயே தோட்டத்துப் பிள்ளை என்று தெரிந்தது. என் விரலைக் குத்தி, ஒரு துளியை வெள்ளைத் தட்டொன்றில் விட்டு, கையடக்கமான ஒரு கருவிக்குள் செருகினாள். மூடும்போது உள்ளே வெளிச்சம் ஒன்று எரிவது தெரிந்தது. அது அக்காவின் கருவி இல்லை. ஆனால் அதே கேள்வியைக் கேட்கிற கருவி. கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்தாள்.

"ஒன்னும் இல்லை டீச்சர்."

நான் அந்தக் கருவியையே பார்த்தேன்.

"ஆனா இது மொதல் தடவைதான்" என்றாள் அவள், எதையோ எழுதியபடி. "மறுபடி ஒருக்கா எடுக்கணும். அதுவரைக்கும் இந்த பெஞ்சை விட்டு எந்திரிக்கக் கூடாது. அவசரம்னாலும் என்னையக் கூப்பிடுங்க, படி ஏறாதீங்க. டீச்சருன்னும் பாக்க மாட்டேன், ஏசுவேன்."

நான் பெஞ்சில் உட்கார்ந்து அக்காவை அழைத்தேன். எங்கே இருக்கிறேன், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் நின்றது.

"ரெண்டாவது எடுத்தாச்சா?"

"இன்னும் இல்லை."

"எந்திரிக்காத."

"எந்திரிக்கல அக்கா."

"போனை வைக்காத. நான் இருக்கேன்."

அவள் இருந்தாள். எனக்கு அவள் மூச்சுக் கேட்டது. அவளுக்கு இங்கே ஆட்கள் நடப்பதும், யாரோ இருமுவதும், வெளியே பஸ்காரன் ராகலை ராகலை என்று கூவுவதும் கேட்டிருக்கும். அந்தக் கூவலுக்கு மட்டும் அவள் ஒருமுறை மெல்லச் சிரித்தாள். இடையில் டொக்டர் வந்து என் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, பையின் பாரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, தசைப்பிடிப்பாக இருக்கலாம், எதற்கும் பொறுத்துப் பார்ப்போம் என்றார். பொறுத்திருந்தோம். பிறகு அந்தப் பெண் வந்து வேறு விரலைக் குத்தினாள். இரண்டாவது துளி இரண்டாவது தட்டில் விழுந்தது.

"இதுவும் நல்லா இருக்கு டீச்சர். இப்ப எந்திரிங்க, போங்க."

அக்காவுக்கு அது கேட்டது. பிறகு அவள் அழுதாள். செத்த வீட்டில் அழாதவள், விமான நிலையத்தில் அழாதவள், அங்கே தனியாக நின்று, என் தொலைபேசிக்குள், சின்னப் பிள்ளையைப் போல ஏங்கி ஏங்கி அழுதாள். நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கலாம் என்று சொன்ன பிறகும் அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன்.

அழுது முடிந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

"அந்தச் சில்லு இருக்கா?"

"இருக்கு."

"கழுவிட்டியா?"

"இல்லை."

"கழுவாத" என்றாள். "அம்மா சொல்லிட்டுத்தான் போனாங்க."

வீட்டுக்கு வந்து லாச்சியைத் திறந்து டப்பியை எடுத்தேன். யன்னலுக்கு வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் குறைவுதான், என்றாலும் சாய்த்துப் பிடித்தபோது ஊதா வந்தது, பச்சை வந்தது. முதல் கிண்ணத்தில் அம்மா இருந்தார். இரண்டாவது கிண்ணத்தில் இன்னும் ஒன்றும் இல்லை. அதில் தூசி விழாமல் பஞ்சை இழுத்து மூடி, தாமரை தேய்ந்த மூடியை அழுத்தி, இருந்த இடத்திலேயே வைத்தேன்.